பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு: ஸ்டீராய்டு பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்மசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது கவுண்டரில் நின்று, கைப்பேசியில் பிள்ளையின் முதுகுப் படத்தைக் காட்டுவார்கள். சிவந்து வீங்கி, திட்டுத்திட்டாகத் தடித்துப் போயிருக்கும். "கிளினிக்கில் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டார்கள், பயமாக இருக்கிறது, கொடுக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். "வெறும் அரிப்பு மருந்துதான் கொடுத்தார்கள், ஸ்டீராய்டு கொடுத்தால்தானே சீக்கிரம் போகும்?" என்று வேறு சிலர். இரண்டு பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி, இதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடிப்போடு சேர்ந்து பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, குரல் கரகரக்கிறது, நாக்கு வீங்குகிறது, விடாமல் வாந்தி எடுக்கிறது, வெளிறித் துவண்டு போகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள்.

பாட்டி இதைக் காணாக்கடி என்கிறார். டாக்டர் உர்ட்டிகேரியா என்கிறார். எது சரி?

இரண்டும் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்து நம் முன்னோர் வைத்த பெயர் காணாக்கடி. மலாயில் கெகாத்தா என்பார்கள். உண்மையில் எதுவும் கடித்திருக்க வேண்டியதில்லை. தோலுக்குள் மாஸ்ட் செல்கள் என்று சில அணுக்கள் இருக்கின்றன. அவை ஏதோ ஒரு காரணத்தால் உசுப்பிவிடப்பட்டு ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அதனால் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, அந்த இடம் வீங்கி அரிக்கிறது.

இதை அடையாளம் காண ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். காணாக்கடி என்றால் அந்தத் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் தழும்பு வைக்காமல் மறைந்துவிடும். அதற்குள் வேறு இடத்தில் புதிதாக வந்திருக்கும். காலையில் வயிற்றில், மதியம் தொடையில், இரவு காதோரம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு வாரத்துக்குள் அடங்கிவிட்டால் அது திடீர்த் தடிப்பு. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில நாளிலோ இரண்டு வாரத்திலோ போய்விடும்.

தடிப்பு ஒரே இடத்தில் நாள் கணக்கில் நின்றால், ஊதா நிறமாகி ரத்தக் கட்டு மாதிரி தெரிந்தால், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் நிறம் மங்காமல் இருந்தால், அது காணாக்கடி இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இது அம்மை இல்லையா? வீட்டில் வேப்பிலை கட்டச் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கவே பலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். சின்னம்மையில் சிவந்த புள்ளிகள் நீர்க் கொப்புளமாகி, உடைந்து, பொருக்கு கட்டும். இதில் கொப்புளமே வராது. தட்டம்மையில் கடுமையான காய்ச்சல், கண் சிவப்பு, இருமல் எல்லாம் முதலில் வந்து, பிறகு முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும். அது இடம் மாறி விளையாடாது.

வேப்பிலையை வாசலில் கட்டுவதில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அம்மை என்று முடிவு செய்து, "மருந்து கொடுக்கக் கூடாது, அம்மா தானாக இறங்குவாள்" என்று பிள்ளையை மூன்று நாள் அரிப்போடு விட்டுவிடுவதுதான் எனக்குச் சங்கடம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதும் வேண்டாம். ஏற்கனவே உசுப்பேறிய தோலுக்கு அது இன்னும் எரிச்சல் கொடுக்கலாம். சூடு ஏற்றும் தைலங்களும் அப்படித்தான்.

அப்படி என்ன சாப்பிட்டுவிட்டான்? இறாலா, பெலாச்சானா (இறால் விழுது)?

இருக்கலாம், ஆனால் முதலில் சளியை நினையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் திடீர்த் தடிப்பு வர மிகச் சாதாரணமான காரணம் வைரஸ் தொற்று. இரண்டு மூன்று நாளைக்கு முன் மூக்கு ஒழுகியிருக்கும், லேசாகக் காய்ச்சல் அடித்திருக்கும், நாம் மறந்திருப்போம்.

என் அக்கா மகளுக்கு நாலு வயதில் வந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய், தண்ணீர்ப் பந்தல்களில் கொடுத்த எல்லாவற்றையும் குடித்து, சாப்பிட்டு, மறுநாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் தடிப்போடு எழுந்தாள். ரோஸ் சிரப்பு, மோர், கடலை என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டினோம். அதற்கு முந்தின நாலு நாளும் அவள் இருமிக்கொண்டிருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதன் பிறகு அதே கடலையை எத்தனையோ முறை சாப்பிட்டுவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை.

உணவு காரணம் என்றால் அதற்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். மறுபடி அதைச் சாப்பிட்டால் மறுபடி வரும். முட்டை, பால், நிலக்கடலை, இறால், நண்டு, மீன், முந்திரி போன்றவைதான் வழக்கமானவை. நேற்று மதியம் சாப்பிட்ட நாசி கண்டார் சோற்றை இன்று காலைத் தடிப்புக்குக் குறை சொல்ல முடியாது. மருந்துகளையும் பார்க்க வேண்டும். ஆன்டிபயாட்டிக், வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் இபுப்ரோஃபென் இரண்டும் முக்கியமானவை. பல நேரங்களில் காரணமே தெரியாமல் வந்து, தெரியாமலே போய்விடும். அதுவும் சகஜம்தான்.

முதலில் கொடுக்க வேண்டிய மருந்து எது?

ஆன்டிஹிஸ்டமின். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கொட்டப்பட்ட ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை இந்த மருந்து அடைத்துக்கொள்கிறது. நோயின் வேரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும்.

செட்டிரிசின், லோராடடின், லெவோசெட்டிரிசின், டெஸ்லோராடடின் போன்றவை புதிய தலைமுறை. அதிகம் தூக்கம் வராது. செட்டிரிசின் சிரப்பு வழக்கமாக 2 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு 2.5 மில்லிகிராம், 6 முதல் 12 வயதுக்கு 5 மில்லிகிராம், இரண்டுக்குமே ஒரு நாளைக்கு இரண்டு வேளை. 2 வயதுக்குக் கீழே என்றாலோ சிறுநீரகப் பிரச்சினை இருந்தாலோ டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். நம் நாட்டில் செட்டிரிசினுக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. ஆனால் மருந்தாளர் கையால்தான் வாங்க முடியும். பிள்ளையின் எடையையும் வயதையும் சொல்லுங்கள்.

பெரும்பாலோர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. அரிக்கும்போது ஒரு வேளை கொடுப்பார்கள், அடங்கியதும் நிறுத்துவார்கள், இரவு திரும்ப வந்ததும் "இந்த மருந்து கேட்கவில்லை" என்று வேறு கிளினிக்குக்குப் போவார்கள். மருந்து கேட்காமல் இல்லை, அதன் நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொன்ன நாள் முழுக்க நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு வரைக்கும் போகும் பாதிப் பிள்ளைகள் இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்திருந்தால் போயிருக்க மாட்டார்கள் என்பது கவுண்டரில் நின்று பார்த்த என் எண்ணம்.

பழைய மஞ்சள் நிற மாத்திரை, அதாவது குளோர்ஃபெனிரமின், இன்னும் நிறையக் கொடுக்கப்படுகிறது. வேலை செய்யும். ஆனால் பிள்ளையைத் தூங்கி வழிய வைக்கும், பள்ளியில் கவனத்தைக் கெடுக்கும். இப்போதைய உலகளாவிய வழிகாட்டுதல்கள் புதிய தலைமுறையைத்தான் முதலில் வைக்கின்றன. இன்னொரு விஷயம், பல சளி சிரப்புகளுக்குள் இதே குளோர்ஃபெனிரமின் இருக்கிறது. தடிப்புக்கும் சளிக்கும் தனித்தனியாக மருந்து கொடுத்தால் பிள்ளைக்கு ஒரே மருந்து இரண்டு மடங்காகப் போய்விடும். இரண்டு பாட்டிலையும் எங்களிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

ஸ்டீராய்டு என்றால் உடற்பயிற்சிக்காரர்கள் போடுவதா?

இல்லை. அது வேறு வகை. நம் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனைத் தினமும் சுரக்கிறது. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், ஹைட்ரோகார்டிசோன் எல்லாம் அந்தக் குடும்பம். வீக்கத்தையும் உடம்பின் எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தையும் அடக்கும். கடுமையான ஆஸ்துமா, குரூப் எனும் குரைப்பது போன்ற இருமல், சிறுநீரக நோய் என்று பல இடங்களில் பிள்ளைகளைக் காப்பாற்றும் மருந்து இது. அதன் பெயரைக் கேட்டாலே நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தடிப்புக்கு அது முதல் மருந்து இல்லை.

கிளினிக்கில் ஊசி போட்டதும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டதே! அது ஸ்டீராய்டுதானே?

ஊசியில் என்ன இருந்தது என்று கேட்டீர்களா? பல இடங்களில் ஆன்டிஹிஸ்டமின் ஊசியும் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சேர்த்தே போடுவார்கள். ஸ்டீராய்டு செல்லுக்குள் போய், மரபணுக்களின் வேலையை மாற்றி, அதன் பிறகுதான் பலன் காட்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஏற்கனவே கொட்டிவிட்ட ஹிஸ்டமினை அது ஒன்றும் செய்யாது. ஒரு மணி நேரத்தில் அடங்கியது என்றால் பெரும்பாலும் அது ஆன்டிஹிஸ்டமின் செய்த வேலை. இல்லையென்றால் அந்தத் தடிப்புகள் மறையும் நேரம் அது. ஒவ்வொரு தடிப்பும் தானாகவே 24 மணி நேரத்துக்குள் போகும் என்று மேலே சொன்னேன் அல்லவா? குணப்படுத்திய பெயரை, எந்த மருந்து கடைசியாக உள்ளே போனதோ அது தட்டிக்கொண்டு போய்விடும்.

வாயால் மருந்து குடிக்கும் பிள்ளைக்கு ஊசி தேவையும் இல்லை. வாந்தி எடுத்தாலோ நிலைமை மோசமாக இருந்தாலோ அது வேறு.

அப்படியானால் ஸ்டீராய்டு யாருக்குத்தான் கொடுக்கலாம்?

ஆன்டிஹிஸ்டமினைச் சரியான அளவில் ஒழுங்காகக் கொடுத்தும் ஒன்றிரண்டு நாளில் அடங்காமல், உடம்பு முழுக்கத் தடித்து, பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் அழுதால் டாக்டர் யோசிப்பார். கண் இமை, உதடு, கை கால் எல்லாம் பெரிதாக வீங்கியிருந்தாலும் யோசிப்பார். மூட்டு வீங்கி நொண்டி நடக்கும் பிள்ளைகளும் உண்டு. சில ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு அப்படி வரலாம், அவர்களை டாக்டர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். கண் இமை மட்டும் வீங்கியிருப்பது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மூச்சும் குரலும் நன்றாக இருந்தால் அது பெரும்பாலும் ஆபத்தில்லை.

கொடுத்தாலும் ஆன்டிஹிஸ்டமினோடு சேர்த்துத்தான். அதை நிறுத்திவிட்டு இது இல்லை. தடிப்புக்கான உலக வழிகாட்டுதல் கடுமையான சமயத்தில் அதிகபட்சம் 10 நாள் வரை குறுகிய காலம் கொடுக்கலாம் என்கிறது, நீண்ட காலம் கொடுக்கவே வேண்டாம் என்கிறது.

ஆராய்ச்சியில் என்ன சொல்கிறார்கள்?

2018-இல் பிரான்சில் அவசரப் பிரிவுக்கு வந்த 100 பெரியவர்களை வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது. எல்லோருக்கும் லெவோசெட்டிரிசின். பாதிப் பேருக்கு அதோடு 4 நாள் பிரெட்னிசோன், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. இரண்டு நாள் கழித்து அரிப்பு முழுசாகப் போனவர்கள் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 62 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 76 சதவீதம். அதாவது, ஸ்டீராய்டு சேர்த்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கு முன் 1995-இல் அமெரிக்காவில் செய்த ஒரு சின்ன ஆய்வில் பலன் தெரிந்திருந்தது.

2024-இல் 12 ஆய்வுகளை, 944 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆன்டிஹிஸ்டமினுக்கே நன்றாக அடங்கக்கூடியவர்களாக இருந்தால், 45 பேருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால்தான் ஒருவருக்குக் கூடுதல் பலன். அவ்வளவு எளிதில் அடங்காதவர்களாக இருந்தால் 7 பேருக்கு ஒருவர். அதே நேரத்தில் 9 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக ஏதாவது ஒரு பக்கவிளைவு. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, டாக்டர் ஏன் எல்லோருக்கும் எழுதுவதில்லை என்று புரியும். பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

எவ்வளவு கொடுப்பார்கள்? எத்தனை நாள்?

எடையைப் பொறுத்தது. பிரெட்னிசோலோன் பொதுவாக ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் ஒரு நாளைக்கு, 3 முதல் 5 நாள். 15 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் 15 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் மாத்திரை மூன்று. "இத்தனை மாத்திரையா!" என்று பயந்து பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். இந்தக் கணக்கை வைத்து நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். டாக்டர் எழுதியது புரிவதற்காகச் சொல்கிறேன்.

டெக்ஸாமெத்தசோன் மாத்திரை 0.5 மில்லிகிராம்தானே, குறைவான மருந்துதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அது பல மடங்கு வீரியமானது. டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராமும் பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமும் ஒரே அளவு.

காலையில், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். மாலையில் கொடுத்தால் இரவு தூக்கம் கெடும். மருந்து கசக்கும். கொஞ்சம் மைலோவிலோ தயிரிலோ கலந்து கொடுக்கலாம், முழுக் கோப்பையில் கலந்தால் பாதி மீதியாகிவிடும். இத்தனை குறைந்த நாளுக்குப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, சொன்ன நாள் முடிந்ததும் நிறுத்தலாம்.

மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால் டாக்டர் பரிசோதித்துவிட்டு எழுதிக் கொடுத்திருந்தால் குற்ற உணர்ச்சியோடு கொடுக்க வேண்டாம், மன நிம்மதியோடு கொடுங்கள். பசி கூடும், இரவு தூங்காது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபப்படும், அழும். வயிறு புரட்டலாம். "என் பிள்ளையே இல்லை போலிருக்கிறது" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிட்டது.

ஆனால் 2021-இல் தைவானில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு எனக்கு மறக்க முடியாதது. 14 நாளோ அதற்குக் குறைவாகவோ ஸ்டீராய்டு எடுத்த பிள்ளைகளுக்கு அடுத்த ஒரு மாதத்தில் வயிற்றில் ரத்தக் கசிவு ஏறக்குறைய 1.4 மடங்கும், நுரையீரல் தொற்றும் ரத்தத்தில் பரவும் தொற்றும் ஏறக்குறைய இரண்டு மடங்கும் கூடியிருந்தன. இவை அரிதானவை, இரண்டு மடங்கானாலும் அரிதானவைதான். ஆனாலும் "குறுகிய காலம்தானே" என்று கவலையே இல்லாமல் கொடுக்கும் மருந்து இல்லை இது என்பது தெளிவு.

ஒரு வருடத்தில் இரண்டு மூன்று தடவை, ஒரு தடவை சளிக்கு, ஒரு தடவை தடிப்புக்கு, ஒரு தடவை இழுப்புக்கு என்று சேர்ந்தால் கணக்கு மாறும். எலும்பு, வளர்ச்சி, அட்ரினல் சுரப்பி எல்லாம் கவலைப்பட வேண்டிய விஷயம் ஆகும். ஒவ்வொரு கிளினிக்கும் தன்னிடம் வந்த ஒரு தடவையை மட்டும்தான் பார்க்கிறது. மொத்தக் கணக்கை வைத்திருக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.

நிறுத்திய மறுநாளே திரும்ப வந்துவிட்டது. இன்னொரு தடவை வாங்கலாமா?

ஸ்டீராய்டு நோயைக் குணப்படுத்துவதில்லை, மூடி வைக்கிறது. வைரஸ் இன்னும் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தால் மூடியை எடுத்ததும் தடிப்பு எட்டிப் பார்க்கும். அதற்காக மறுபடி மூடி போட ஆரம்பித்தால் முடிவே இருக்காது. ஆன்டிஹிஸ்டமினைத் தொடருங்கள். அளவு போதவில்லை என்றால் அதைக் கூட்ட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

போன வருடம் மீதியான மாத்திரை இருக்கிறது. தம்பிக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம்.

பாக்கெட்டில் மருந்துப் பெயரே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஊரில் தனியார் கிளினிக்கிலேயே மருந்தும் கொடுத்துவிடுகிறார்கள், சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டில். பெரும்பாலான இடங்களில் பெயர் ஒட்டியிருக்கும். அக்கா மகளுக்கு வந்ததில் ஒன்றில் மலாயில் "அரிப்பு" என்று ஒரே ஒரு சொல், இன்னொன்றில் "வீக்கம்". அவ்வளவுதான். அந்த இரண்டாவது பாக்கெட்டில் இருந்தது ஸ்டீராய்டு. அதை அக்கா "வீக்கம் வரும்போது கொடுக்கிற மாத்திரை" என்று நினைத்து, அப்புறம் ஒரு மாதம் கழித்துக் கொசு கடித்து வீங்கியதற்கும் கொடுத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. பாக்கெட் அப்படித்தானே சொன்னது.

அதனால் கிளினிக் கவுண்டரிலேயே கேளுங்கள்: இதன் பெயர் என்ன, இதில் ஸ்டீராய்டு எது, எத்தனை நாள்? கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்தால் பக்கத்து ஃபார்மசிக்கு எடுத்துப் போங்கள், மாத்திரையில் இருக்கும் குறியை வைத்து முடிந்தவரை பார்த்துச் சொல்வோம். அதற்குக் காசு கிடையாது.

எக்சிமாவுக்கு (தோல் அழற்சிக்கு) வாங்கிய ஸ்டீராய்டு கிரீமைத் தடவலாமா?

பயனில்லை. தடவி முடிப்பதற்குள் தடிப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கும். உடம்பு முழுக்கத் தடவினால் பிள்ளையின் மெல்லிய தோல் வழியாக மருந்து உள்ளேயும் போகும். கலமைன் லோஷன், ஈரத்துணி, குளிர்ந்த தண்ணீரில் குளியல், மெல்லிய பருத்தி உடை, காற்றாடி இவை போதும். பினாங்கு வெயிலில் வியர்த்தாலே அரிப்பு கூடும், அதனால் ஒன்றிரண்டு நாள் வெளியே ஓடியாடாமல் இருக்கட்டும். நகத்தை வெட்டிவிடுங்கள்.

காய்ச்சலும் இருக்கிறது. டிங்கியாக இருக்குமோ?

நல்ல கேள்வி, இங்கே எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி. டிங்கியில் வரும் சிவப்பு பெரும்பாலும் தட்டையாக, உடம்பே சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டு விட்ட மாதிரி இருக்கும், இடம் மாறாது. ஆனால் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு வலித்தால், ஈறில் ரத்தம் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாரசெட்டமால் மட்டும் கொடுங்கள். இபுப்ரோஃபென் டிங்கியில் ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும், காணாக்கடியையும் மோசமாக்கலாம். காய்ச்சலின் காரணம் தெரியாத பிள்ளைக்குத் தடிப்புக்காக ஸ்டீராய்டு கொடுத்தால் காய்ச்சல் இறங்கி, நோய் போய்விட்டதாக நம்மை ஏமாற்றிவிடும். காய்ச்சல் இருப்பதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், நேற்று இருந்து இன்று இல்லை என்றாலும் சொல்லுங்கள்.

ஆன்டிபயாட்டிக் குடிக்கும்போது வந்தது. இனி வாழ்நாள் முழுக்கப் பெனிசிலின் கூடாதா?

இப்போதைக்கு அந்த மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் வாழ்நாள் முத்திரை குத்திவிட அவசரப்பட வேண்டாம். சளிக்காக அமோக்சிசிலின் குடித்த பிள்ளைக்குத் தடிப்பு வந்தால், காரணம் மருந்தாகவும் இருக்கலாம், அந்தச் சளியைக் கொடுத்த வைரஸாகவும் இருக்கலாம். பெனிசிலின் ஒவ்வாமை என்று எழுதப்பட்ட பிள்ளைகளில் பலருக்குப் பின்னால் பரிசோதித்தால் ஒவ்வாமை இல்லை என்று தெரியவருகிறது. ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மருந்துப் பெயர், எத்தனையாவது நாள், தடிப்பின் படம் மூன்றையும் வைத்திருங்கள்.

தடுப்பூசி போடும் நாள் வருகிறது. தள்ளி வைக்க வேண்டுமா?

இரண்டு வாரத்துக்குக் குறைவான ஸ்டீராய்டு என்றால் பொதுவாகத் தள்ள வேண்டியதில்லை. ஒன்றாம் ஆண்டில் பள்ளியில் போடும் தட்டம்மை, ருபெல்லா ஊசி உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. அதனால் மருத்துவக் குழுவிடம் ஸ்டீராய்டு குடித்ததைச் சொல்லிவிடுங்கள். வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்திருந்து, உங்கள் பிள்ளைக்கு அது வந்ததும் இல்லை, ஊசியும் போடவில்லை என்றால், ஸ்டீராய்டு தொடங்கும் முன்னே டாக்டருக்குத் தெரிய வேண்டும். அந்தச் சேர்க்கை ஆபத்தானது. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலும் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு பயம், அதனால் ஜாமு (மலாய் மூலிகை மருந்து), நாட்டு மருந்து கொடுக்கிறோம். பரவாயில்லையா?

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்கும். பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் ரகசியமாகக் கலந்திருப்பதை என்பிஆர்ஏ, அதாவது நம் நாட்டின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடிப் போய், அளவே தெரியாத ஸ்டீராய்டைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறோம். "அற்புதமாகக் கேட்கிறது" என்று பெயர் வாங்கிய பொடியோ காப்ஸ்யூலோ என்றால் அதையே முதலில் சந்தேகப்படுங்கள். எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் பிள்ளை வாயில் வைக்க வேண்டாம். பல வாரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள், அதில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

மூச்சுத் திணறல் வந்தால், வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

அதற்காக ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க வேண்டாம். அது அனஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடுமையான ஒவ்வாமை. அந்த நேரத்தில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஒன்றுதான், தொடைத் தசையில் போடுவது. ஸ்டீராய்டு வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும் என்று சொன்னேன், இந்தப் பிள்ளைக்கு இருப்பதோ நிமிடங்கள். செட்டிரிசினும் போதாது.

முன்பே டாக்டர் அட்ரினலின் பேனா (பேனா வடிவ ஊசி) கொடுத்திருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போடுங்கள், உடைக்கு மேலேயே போடலாம். 999-ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள், தோளில் நிமிர்த்தித் தூக்கி ஓடவும் வேண்டாம். சரியாகிவிட்ட மாதிரி தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை வரலாம், அதனால்தான் அங்கே வைத்துக் கவனிப்பார்கள்.

ரத்தத்தில் ஒவ்வாமைப் பரிசோதனை முழுசாக எடுத்துவிடலாமா?

ஒரே ஒரு தடவை வந்த தடிப்புக்குத் தேவையில்லை. குறிப்பிட்ட உணவுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது என்றால் அந்த உணவுக்கு மட்டும் பார்ப்பார்கள். நூறு உணவுக்கு ஒரே ரத்தத் துளியில் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) பரிசோதனை என்று விற்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அது ஒவ்வாமையைக் காட்டுவதில்லை. அந்தச் சீட்டைப் பார்த்துப் பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தி மெலிந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கு அனுப்பலாமா? மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

தடிப்பு ஒட்டாது. காய்ச்சல் இல்லாமல், அரிப்பு தாங்கும் அளவுக்கு இருந்தால் அனுப்பலாம். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அம்மை என்று பயந்து பத்து மணிக்கே உங்களை அழைப்பார்கள்.

ஆறு வாரம் தாண்டிவிட்டது, இன்னும் வந்து வந்து போகிறது.

அது நாள்பட்ட தடிப்பு, வேறு கணக்கு. அதிலும் தினசரி ஆன்டிஹிஸ்டமின்தான் அடிப்படை. அளவைக் கூட்டுவது, வேறு மருந்துக்கு மாறுவது எல்லாம் நிபுணர் பார்த்துச் செய்வார். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்துப் பதிந்து, குழந்தை நிபுணரிடமோ தோல் நிபுணரிடமோ அனுப்பக் கடிதம் கேளுங்கள். போகும்போது தடிப்பு இல்லாமல் போகலாம், அதனால் படங்களையும், இதுவரை ஸ்டீராய்டு கொடுத்த தேதிகள் எழுதிய அந்தப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.